படத்தின் இடது ஓரம்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு மாலை போட்டார்கள்.

எதற்கு என்கிறீர்களா? ஒரு பறவையைப் பார்த்ததற்கு.

அவ்வளவுதான். பார்த்தேன். வேறு எதுவும் செய்யவில்லை... என்றுதான் ஒரு வருடமாக நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

லுக்குட் ஊர்ப் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்று. பெயர் கேட்காதீர்கள். போன வருடம் இதே பத்தியில் பெயரை எழுதியிருந்தேன். எந்தச் சந்திப்பில் திரும்ப வேண்டும், எந்தப் பாலத்தைத் தாண்டினால் செம்மண் சாலை ஆரம்பிக்கும், எந்த மரத்தடியில் காரை நிறுத்தினால் வெயில் படாது என்பது வரைக்கும் எழுதியிருந்தேன். இந்த முறை எழுதப் போவதில்லை. ஏன் என்பதுதான் இந்த வாரக் கதை. சுகமான வாசிப்பாக இருக்காது. கையில் தேநீர் இருந்தால் குடித்துவிட்டு வாருங்கள்.

அந்தத் தோட்டத்துக்குள் ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. ரப்பர் இருந்த காலத்தில் தொழிற்சாலைக்குத் தண்ணீர் எடுக்கக் கட்டியது. ரப்பர் போய்விட்டது. தொழிற்சாலை போய்விட்டது. தண்ணீருக்கு மட்டும் யாரும் போகச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கவில்லை. அது அங்கேயே கிடக்கிறது. தோட்டத்து ஆட்கள் அதை 'டேம்' என்பார்கள்.

அந்த டேம் கரையில்தான் விழா. நீலக் கூடாரம், பிளாஸ்டிக் நாற்காலிகள், வாழையிலையில் மடித்த நாசி லெமாக் சோறு, மைக். பள்ளிப் பிள்ளைகள் அட்டையில் வெட்டிய கறுப்பு அலகுகளை மூக்கில் கட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். அலகின் நுனி தட்டையாக, கரண்டி மாதிரி. வந்த பறவை கரண்டிவாயன் அல்லவா!

தெரியாதவர்களுக்கு: கரண்டிவாயன் ஒரு வெள்ளைப் பறவை. கொக்கைவிடப் பெரிது. கறுத்த நெட்டைக் கால். நீண்ட அலகு, நுனியில் தட்டையான கரண்டி. ஆழமில்லாத தண்ணீரில் நடந்தபடி, பாதி திறந்த அலகை இடமும் வலமும் வீசும். அண்டாவில் சாம்பார் கிண்டுகிறவர் கையைப் பார்த்திருக்கிறீர்களா? அதே வீச்சு. எங்கோ வடக்கே குளிர் தாங்காமல் கிளம்பி, நம் பக்கம் வழி தவறிய மாதிரி எப்போதாவது ஒன்று இறங்கும். முப்பது வருடமாகப் பறவை பார்க்கிறவர்களில்கூடப் பலர் அதை இந்த நாட்டில் பார்த்ததில்லை.

நான் பார்த்தேன். அதற்குத்தான் மாலை.

கூடாரத்துக்கு முன்னால் ஆறேழு தொலைநோக்கிகள் வரிசையாக நின்றன. ஒன்றின் வழியாக எட்டிப் பார்த்தேன். புல் தெரிந்தது. அடுத்ததில் பார்த்தேன். அதிலும் புல். போன வருடம் முழங்கால் அளவு தண்ணீரும் சேறுமாக இருந்த கரை முழுக்க இப்போது இடுப்பளவு கோரை. பச்சைச் சுவர் மாதிரி. அதற்கு அப்பால்தான் தண்ணீர் மினுங்கியது.

"எங்கே அது?" என்றேன்.

"வரும் சார், வரும். கொஞ்சம் கூச்சப்படுது போல" என்று சிரித்தார் முரளி.

முரளி பறவை ஆர்வலர் குழுவின் செயலாளர். வங்கி வேலையில் ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் வில்லன் வேண்டும் என்று தேடுகிறவர்கள் அவர் பக்கம் போக வேண்டாம். இன்னும் கொஞ்சம் பொறுங்கள், ஆளைக் காட்டுகிறேன்.

பிறகுதான் அந்தப் பலகையைப் பார்த்தேன்.

கரையை ஒட்டி நீளமாகக் கம்பிவேலி. வேலியின் நடுவே ஆளுயரப் பலகை. பலகையில் என் படம். நான் இருக்கும் படமல்ல, நான் எடுத்த படம். காலை வெளிச்சத்தில், கண்ணாடித் தண்ணீரில், தன் நிழலைத் தானே கிண்டிக்கொண்டு நிற்கும் கரண்டிவாயன். கீழே சின்ன எழுத்தில் என் பெயர். அதற்கும் கீழே, பெரிய சிவப்பு எழுத்தில், மலாயில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி:

கால்நடைகள் நுழையத் தடை.

தமிழில் இல்லை. அந்தத் தோட்டத்தில் மாடு வைத்திருந்தது ஒரே ஓர் ஆள். அவருக்குத் தமிழ் மட்டும்தான் பேச வரும். சரி, இதை அவரைப் படிக்க வைப்பதற்காகவா நட்டிருப்பார்கள்?

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

போன வருடம், பொங்கல் முடிந்த வாரம். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னால் லோபாக்கில் இருக்கும் என் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது. உங்களுக்குத் தெரிந்ததுதானே. எத்தனை வாரம் புலம்பியிருக்கிறேன். ஐம்பதைத் தாண்டிய உடம்புக்குள் யாரோ ஒரு மோட்டாரை அணைக்க மறந்துவிட்டுப் போன மாதிரி உறுமிக்கொண்டே இருக்கும். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு நிஜ மோட்டாரை, என் பைக்கை, கிளப்பி எங்காவது போவேன். அன்றைக்கு அந்தத் தோட்டம்.

வெயில் காலம். டேமில் தண்ணீர் இறங்கி, கரை அகலமாகச் சேறாகிக் கிடந்தது. அந்தச் சேற்றில் ஏழு மாடுகள். கரை மேட்டில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, குடை பிடித்து உட்கார்ந்திருந்தார் ஓர் அம்மாள். அறுபது வயதிருக்கும். தலையில் துண்டு, காலில் கறுப்பு ரப்பர் பூட்ஸ்.

"என்னா தம்பி, மீன் பிடிக்கவா? தூண்டிலக் காணோம், பீரங்கியத் தூக்கிட்டு வந்திருக்க!"

"இல்லக்கா, பறவை பாக்க."

"பறவையா? அகப்பக்காரனையா?"

அவர் காட்டிய பக்கம் திரும்பினேன்.

அந்த நொடியைப் பற்றிப் போன வருடம் ஒரு பத்தி முழுக்க எழுதியாகிவிட்டது. இப்போது ஒரே வரி போதும்: மாடுகளுக்கு நடுவே, மாடுகள் கலக்கிய சேற்றுத் தண்ணீரில், கரண்டிவாயன் நின்றுகொண்டிருந்தது.

கேமராவைத் தோளிலிருந்து இறக்கினேன். "அக்கா... இது... இது என்ன பறவைன்னு தெரியுமா?"

"அதான் சொன்னேனே, அகப்பக்காரன். மூணு வருஷமா வருது. பொங்கல ஒட்டி வரும். ஒரு மாசம் கெடக்கும். அப்புறம் போயிரும். யாருக்கும் ஒரு தொந்தரவு இல்லலா, அது பாட்டுக்கு நிக்கும்."

மூன்று வருடம்! நாடு முழுக்க ஆட்கள் தவம் கிடக்கும் பறவை, மூன்று வருடமாக இந்த அம்மாளின் மாடுகளோடு மேய்ந்துகொண்டிருக்கிறது.

"யார்கிட்டயாவது சொன்னீங்களாக்கா?"

"யார்ட்ட சொல்ல? மேனேஜர்ட்டயா?"

சொல்லிவிட்டு ஒரு கறுப்பு மாட்டைக் காட்டிச் சிரித்தார். அதன் பெயர்தான் மேனேஜர்.

அவர் பெயர் லெட்சுமி. அந்தத் தோட்டத்தில் மிச்சமிருக்கும் நாலு தொழிலாளர் லயத்து வீடுகளில் ஒன்றில் தனியாக இருந்தார். ரப்பர்ப் பால் மரம் சீவி, செம்பனைக்கு உரம் போட்டு, ஓய்வு பெற்றவர். மாடுகள்தான் குடும்பம். மாடுகளின் பெயர்களைக் கேட்டபோது நான் சிரித்த சிரிப்பில் கரண்டிவாயன் நாலடி தள்ளிப் போனது. முன்னால் போய், வேலை வாங்கும் மேஸ்திரி மாதிரி மற்றதையெல்லாம் முட்டி நகர்த்துவது மண்டோர். ஓரமாக நின்று, கணக்கெழுதும் குமாஸ்தா மாதிரி எல்லாரையும் தலை எண்ணிப் பார்ப்பது கிராணி. ஒரு வேலையும் செய்யாமல், நல்ல புல் எங்கே இருக்கிறதோ அங்கே போய் நின்றுகொண்டு, சொன்னால் நகராதது மேனேஜர்.

"வாழ்நா பூரா அவுங்க நம்மள மேச்சாங்க. இப்ப நான் மேய்க்கிறேன்லா" என்றார்.

காலையில் கறந்த பாலில் மாரியம்மன் கோயிலுக்கு ஒரு செம்பு, மற்றது பத்துப் பதினைந்து வீடுகளுக்கு. மேய்ச்சலுக்கு இந்த டேம் கரையை விட்டால் வேறு இடம் கிடையாது. மற்ற இடமெல்லாம் இளங்கன்று செம்பனை. மாடு வாய் வைத்தால் தோட்ட ஒப்பீஸிலிருந்து ஆள் வந்துவிடும். பல வருடமாகவே மாடுகளை எடுத்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். லெட்சுமி அக்காவும் பல வருடமாகவே சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். கரை யாருக்கும் வேண்டாத இடம், அதனால் தப்பித்துக்கொண்டிருந்தார்.

யாருக்கும் வேண்டாத இடம். அந்த மூன்று சொற்களில்தான் அவருடைய ஏழு மாடுகளும் உயிரோடு நின்றன. அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை.

நூறு படமாவது எடுத்திருப்பேன். கிளம்பும்போது அக்கா சொன்னார்: "தம்பி, யார்ட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத."

"சேச்சே, சொல்லலக்கா."

கரையில் சிக்னல் இல்லை. மேட்டு வரைக்கும் நடந்தேன், இரண்டு கோடு கிடைத்தது. குழுவில் படத்தைப் போட்டேன். இடத்தையும் போட்டேன். அவர் மூன்று வருடம் சொல்லாமல் இருந்தார். நான் நாற்பது நிமிடம் தாங்கவில்லை.

ஏன் போட்டேன்? இந்தக் கேள்வியை ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பறவையின் மேல் அன்பா? அன்பாக இருந்தால் வாயை மூடியிருப்பேன். நான் பார்த்தேன் என்று ஊருக்குத் தெரிய வேண்டும். பறவையைப் பார்ப்பது பாதி இன்பம்தான் எனக்கு... பார்த்தவனாகப் பார்க்கப்படுவது மீதிப் பாதி.

போட்டதில் ஒரு சின்ன வேலையும் செய்தேன். மூலப் படத்தில் இடது ஓரத்தில் மேனேஜரின் பின்பக்கம் இருந்தது. வால் தூக்கிய நிலையில். அழகாக இல்லை. வெட்டிவிட்டேன். விரலால் ஓர் இழுப்பு, அவ்வளவுதான். தண்ணீரும் வெளிச்சமும் பறவையும் மட்டும் மிஞ்சின. பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: மனித வாடையே படாத இடம் மாதிரி இருக்கிறதே!

அடுத்த வாரம் இந்தப் பத்தியில் எழுதினேன். அதில் ஒரு வரி வந்தது. வந்து விழுந்தது என்று அப்போது நண்பர்களிடம் பெருமையாகச் சொன்னேன். மன்னியுங்கள், அதை மறுபடி எழுத வேண்டியிருக்கிறது:

'மாடுகள் மட்டும் விலகி நின்றிருந்தால், அந்த நீர்ப்பரப்பு ஒரு பிரார்த்தனையாகவே இருந்திருக்கும்.'

ஞாபகம் வருகிறதா? உங்களில் பலர் அந்த வரியைப் பாராட்டி எழுதினீர்கள். தம்பின் ஊரிலிருந்து ஓர் ஆசிரியை அதைத் தன் வகுப்பில் வாசித்துக் காட்டியதாக எழுதியிருந்தார். நான் அந்தக் கடிதத்தை எடுத்து வைத்திருக்கிறேன். இன்னும் இருக்கிறது, மேசை இழுப்பறையில்.

நல்ல வரிதான். தாளம் இருக்கிறது. பிரார்த்தனை என்ற சொல் சரியான இடத்தில் வந்து உட்காருகிறது. ஒரே ஒரு குறை, அது பொய். மாடுகள் விலகவில்லை என்பதால்தான் அங்கே பறவையே இருந்தது. ஆனால் எழுதும்போது யாருக்கு வேண்டும் அதெல்லாம்?

ஆட்கள் வந்தார்கள். கார்கள் செம்மண் சாலையை நிறைத்தன. சாக்கடைக் குழாய் பருமனுக்கு லென்ஸ்கள். நானும் போயிருந்தேன், கண்டுபிடித்தவன் என்ற மிடுக்கோடு. ஒருவர் என்னிடம் வந்தார். கோலாலம்பூர்க்காரர், தமிழ் தெரியாதவர். மாடுகள் சட்டகத்துக்குள் வருகின்றன, அந்த அம்மாளிடம் கொஞ்சம் சொல்ல முடியுமா என்று பணிவாகக் கேட்டார்.

நான் போய்ச் சொன்னேன்.

"அக்கா, கொஞ்சம் மாட்டத் தள்ளி ஓட்டிக்கிறீங்களா? படம் எடுக்கிறாங்க."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். யார்ட்டயும் சொல்லாத என்றேனே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருக்கும். எழுந்து, குடையை மடக்கி, "ஹை... மண்டோர்... நடடா" என்று ஓட்டிக்கொண்டு போனார். மேனேஜர் மட்டும் நகரவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாதக் கடைசியில் பறவை எப்போதும் போல் கிளம்பிவிட்டது. அதற்குச் சில வாரம் கழித்து முரளி போன் செய்தார்: "சார், உங்க அந்தப் பிரார்த்தனை வரி இருக்கே, அத மொழிபெயர்த்து ஒரு மனுவுல போட்டுக்கலாமா?"

"தாராளமாப் போடுங்க" என்றேன்.

என்ன மனு என்று கேட்டேனா? கேட்கவில்லை. ஒரு எழுத்தாளனிடம் உங்கள் வரியை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பாருங்கள். அவன் எதற்கு என்று கேட்க மாட்டான். மொழிபெயர்ப்பில் தாளம் போய்விடக்கூடாதே என்றுதான் கவலைப்படுவான். நான் அதையும் சொன்னேன்... 'தாளத்தக் கொஞ்சம் பாத்துக்குங்க' என்று.

அந்த மனுவின் பயன்தான் வேலி. பலகை. பல வருடம் ஒப்பீஸ் சொல்லி நடக்காதது, பறவையின் பெயரால் ஒரே மாதத்தில் நடந்துவிட்டது. தோட்ட நிர்வாகத்துக்கு இதைவிடச் சுலபமான காரணம் யார் கொடுத்திருப்பார்கள்? நான் கொடுத்தேன். தாளத்தோடு கொடுத்தேன்.

சரி, விழாவுக்கு வருவோம். பலகையைப் பார்த்துவிட்டு நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தேன். மாலை போட்டார்கள். என் படத்தைச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். மைக்கைக் கையில் கொடுத்து, எழுத்தாளர் மூன்று நிமிடம் பேச வேண்டும் என்றார்கள்.

நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது. எழுந்து நின்று, "எங்கே லெட்சுமி அக்கா? எங்கே அந்த ஏழு மாடுகள்?" என்று கேட்டிருப்பேன்... அப்படித்தானே? இத்தனை வருடமாக இந்தப் பத்தியைப் படிக்கிறவர்கள் அப்படித்தான் நினைப்பீர்கள். காகிதத்தில் எனக்கு அவ்வளவு முதுகெலும்பு.

நான் எழுந்து நின்று, சிறகுகளுக்குக் கடப்பிதழ், விசா எதுவும் தேவையில்லை என்று ஏதோ சொன்னேன். கைதட்டினார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

மாலையைக் கழற்றி மோட்டார் கூடையில் போட்டுக்கொண்டு லயத்துப் பக்கம் போனேன். கேட்டில் காவலுக்கு நின்ற ஜாகாவிடம் லெட்சுமி அக்கா இருக்கிறாரா என்று கேட்டதற்கு, "மாட்டுக்கார அம்மாவா? மாடுதான் இல்ல, ஆள் இருக்கு" என்றார்.

அக்கா வீட்டுக்குப் பின்னால் புல் நறுக்கிக்கொண்டிருந்தார். சைக்கிளில் இரண்டு கட்டு புல். கொட்டகையில் ஏழு முளைக்குச்சிகள். ஆறு வெறுமையாக இருந்தன. ஏழாவதில் கழுத்துக் கயிற்றோடு நின்றது மேனேஜர்.

"வா தம்பி. என்னா, கூடையில மாலை? சாமி கும்பிட்டு வரியா?"

"விழாக்கா. டேம்ல."

"ஓ... அகப்பக்காரனுக்கா. வந்தானா?"

"வரலக்கா."

"வர மாட்டான்." அரிவாளை நிறுத்தாமல் சொன்னார். "எப்புடி வருவான்? மாடு இருந்தப்ப கோரைய மேய்ஞ்சு மேய்ஞ்சு கரை வெட்டவெளியா கெடந்துச்சு. சேத்த மிதிச்சுக் கலக்கும். எறாலு, பொடி மீனு எல்லாம் மேல வரும். அவன் பின்னாலயே வந்து அகப்பைய போட்டு அள்ளுவான். நீ பாத்தியே? இப்ப கோரை இடுப்பு ஒசரத்துக்கு நிக்கிது. அதுல கால வைக்க எடமேது அவனுக்கு?"

நான் பார்த்தேன். நூறு படம் எடுத்தேன். ஆனால் இதைப் பார்க்கவில்லை. பார்ப்பதற்காகவே கண்ணாடி, லென்ஸ், தொலைநோக்கி எல்லாம் வைத்திருக்கும் எங்களில் ஒருவர்கூட இதைப் பார்க்கவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தவர் பார்த்திருக்கிறார்.

"மத்த மாடெல்லாம்?"

"லாரி வந்துச்சு. தம்பின் பக்கத்துலேருந்து. ஆறும் ஏறிருச்சு. கிராணி மட்டும் திரும்பித் திரும்பிப் பாத்துச்சு, எண்ணிக்கை கொறையுதுன்னு." அரிவாள் ஒரு கணம் நின்றது. மறுபடி ஓடியது. "இது மட்டும் ஏற மாட்டேன்னு படுத்துக்கிச்சு. நாலு பேரு இழுத்தாங்க. மேனேஜராச்சே! கெடந்து தொலையட்டும்னு விட்டுட்டுப் போயிட்டாங்க."

சிரித்தார். நான் சிரிக்க முயன்றேன். இந்த முறை வரவில்லை.

ஒரு மாட்டுக்குப் புல் அறுக்க அறுபது வயதில் தினமும் இரண்டு முறை சைக்கிள் மிதிக்கிறார். கோயிலுக்குப் போகும் பால் இப்போது பாக்கெட் பால்.

"அக்கா, என்னாலதான்..."

"நீ என்னா செய்வ. நீ எழுதுற ஆளு." குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. மழை பெய்யும், மாடு மேயும், நீ எழுதுவாய் என்கிற மாதிரி. "பக்கத்து வீட்டுப் புள்ள போன்ல படிச்சுக் காட்டுச்சு. மாடு இல்லன்னா நல்லாருக்கும்னு எழுதியிருந்தியாம். நல்லா எழுதியிருக்காருன்னுச்சு அந்தப் புள்ள."

சத்தியமாகச் சொல்கிறேன், என்னை ஓங்கி அறைந்திருந்தால் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பேன்.

"ஏங்க்கா, மூணு வருஷமா நீங்க ஏன் யார்ட்டயும் சொல்லல?"

அரிவாளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கூடையில் கிடந்த மாலையைப் பார்த்தார்.

"சொன்னா ஆளு வரும். ஆளு வந்தா அவன் போயிருவான். அவன் போனாக்கூட பரவால்ல, வேற டேமு இருக்கு அவனுக்கு. ஆனா வந்த ஆளு போவாதே தம்பி."

மேனேஜர் அதற்குள் கழுத்தை நீட்டி என் மாலையில் பாதியைத் தின்றுவிட்டிருந்தது. "ஏய், சீ! மேனேஜர்!" என்று அக்கா அதட்டினார். விடுங்கக்கா என்றேன். எனக்குக் கிடைத்த மரியாதை போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

வீடு திரும்பியதும் முரளியைக் கூப்பிட்டேன். மாடு, கோரை, சேறு, இறால் எல்லாவற்றையும் சொன்னேன். மாடுகளைத் திரும்ப விட்டால்தான் பறவை வரும், வேலியைப் பிரிக்கச் சொல்லி இன்னொரு மனு போடுவோம் என்றேன்.

பொறுமையாகக் கேட்டார். "ரொம்ப இண்ட்ரஸ்டிங்கான கோணம் சார்" என்றார். "ஆனா மாட்ட எடுக்கச் சொன்னதும் நாமதான். மறுபடி நாமளே போய் விடச் சொன்னா நம்ம பேச்சுக்கு என்ன மதிப்பு? அதோட... மாடு இப்ப எங்க இருக்கு, விடறதுக்கு?"

அவர் சொன்னது சரி. லாரி ஏறிய மாடுகள் எங்கே போயிருக்கும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

"வேணும்னா ஒண்ணு செய்யலாம் சார். புல் வெட்டுற மிஷினுக்கு ஏற்பாடு பண்றேன்."

மிஷின் வரட்டும். மேயும். எண்ணிப் பார்க்காது, திரும்பிப் பார்க்காது. அதற்குப் பெயரும் வைக்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் உறைக்கிறது. நான் லயத்தில் பிறந்தவன். என் அம்மாவும் ரப்பர்ப் பால் வாளி தூக்கியவர்தான். இந்தத் தோட்டங்களின் அழகான படங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன், வரிசை வரிசையாக மரம், பனிமூட்டம், வெளிச்சம், ஒரு ஆள் கிடையாது. எங்களை வெட்டிவிட்டு எடுத்திருக்கிறான் பார் என்று நண்பர்களிடம் சீறியிருக்கிறேன். எனக்கு ஒரு கேமரா கிடைத்தபோது நான் என்ன செய்தேன்? முதல் வேலையாக இடது ஓரத்தை வெட்டினேன். என்னிடம் அதை யாரும் கேட்கவில்லை. நானாகவே செய்தேன். வில்லனைக் காட்டுகிறேன் என்று சொன்னேன் அல்லவா? இந்தப் பக்கத்தின் மேல் மூலையில், முகவாயில் கை வைத்துக்கொண்டு ஒரு முகம் ஒவ்வொரு வாரமும் சிரிக்கிறதே, பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னால் ஆறு மாடுகளைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அந்தப் பலகையைப் பிடுங்கவும் முடியவில்லை, அதில் என் பெயர் இருந்தும். முடிந்தது ஒன்றே ஒன்று. மூலப் படத்தைத் தேடி எடுத்தேன். வெட்டாதது. இடது ஓரத்தில் வால் தூக்கிய மேனேஜர், அதற்குப் பின்னால் மங்கலாக மண்டோரின் கொம்பு, மேட்டில் ஒரு குடையின் விளிம்பு. நடுவில், இவர்கள் எல்லாரும் சேர்ந்து கலக்கிக் கொடுத்த தண்ணீரில் கரண்டிவாயன். இந்தக் கட்டுரையோடு அதைப் போடச் சொல்லி ஆசிரியருக்கு அனுப்பினேன். கட்டுரையையும் சேர்த்துத்தான் அனுப்பினேன். முழுக்கப் படித்துவிட்டுத்தான் கூப்பிட்டார்.

"கலங்கிட்டேன் சார்" என்றார். "படமும் அருமை. பக்கத்துல இடந்தான் பத்தல... இடது பக்கம் அந்த மாட்ட மட்டும் வெட்டிட்டுப் போட்டுக்கவா?"